இடப்பக்கம் வெறிச்சோடிய தாள்

இறந்தவருக்கு வயது என்ன என்று கேட்டால் உடனே பதில் சொல்பவர் குறைவு. பெயரைச் சொல்வார்கள், தெருவைச் சொல்வார்கள், மூச்சு அடங்கிய நேரத்தை நட்சத்திரத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். வயது என்றதும் கூட வந்தவரின் முகத்தைப் பார்ப்பார்கள். எழுபதுகளில், மதுரையில் செல்லூருக்கு அருகே இருந்த சுகாதாரக் கிளை அலுவலகம் ஒன்றில் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தராக நான் பணிசெய்தபோது, என் மேசைக்கு முன்னால் நாள்தோறும் நடந்த காட்சி இது.

“எங்கப்பாவுக்கு எழுபத்தஞ்சு போடுங்கய்யா.”

“போன ஐப்பசியில அவரு தம்பி செத்ததுக்கு எண்பதுன்னு சொன்னது நீதானே?”

“அப்ப இவருக்கு எண்பத்தஞ்சாப் போட்டுருங்க. மூத்தவருல்ல, கொறைச்சலா இருந்தா நல்லாருக்காது.”

ஆண்களின் வயது இவ்வாறு இறந்த பின்பும் வளர்ந்தது. பெண்களின் வயதோ எவர் நினைவிலும் இருந்ததில்லை. “பொம்பளை வயச யாருய்யா எண்ணிக்கிட்டுக் கெடந்தா? அஞ்சு புள்ள பெத்தவ, அதுக்குத் தக்கனப் போடுங்க” என்பார்கள். ஆகவே என் ஏட்டில் பெரும்பாலோர் ஐந்திலோ பூச்சியத்திலோ முடியும் வயதில்தான் இறந்திருந்தார்கள். நாற்பத்தேழு வயதில் இறப்பதை எங்கள் வட்டாரத்தார் ஏதோ ஒழுங்கீனமாகக் கருதியது போலத் தோன்றும்.

விடியுமுன் நீராடி, பூசையறையில் ஒரு பதிகமேனும் ஓதிய பிறகே அலுவலகம் புறப்படுவது என் வழக்கம். மூப்பும் பிணியும் வந்து சூழுமுன் இறைவன் தாளைப் பற்றிக்கொள் என்பது அந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பொருள். பாடிய பெரியோர் அதை மனிதர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்கள். ஆணுக்கு எப்போது, பெண்ணுக்கு எப்போது என்று அவர்கள் பிரிக்கவில்லை. நான் பத்து மணிக்குத் திறக்கும் ஏடு பிரித்தது. அதில் பாலுக்கு ஒரு பத்தி, வயதுக்கு ஒரு பத்தி, காரணத்துக்கு ஒரு பத்தி உண்டு. காலையில் ஓதியதும் பகலில் எழுதியதும் ஒரே செய்தியின் இரண்டு பிரதிகள் என்று எனக்குப் பட்டது. அவற்றை ஒத்துப் பார்க்கும் ஆவல் ஏற்பட்டது.

பயனற்ற பழைய படிவம் ஒன்றின் பின்புறத்தை எடுத்துக்கொண்டேன். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. பத்துப் பத்து வயதாகப் படிகள். வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். இறைவன் திருமேனியில் அம்மைக்கு உரியது இடப்பாகம் என்பதால் அப்படி வைத்தேன். உணவு இடைவேளையில் பழைய ஏடுகளைப் பிரித்து, ஓர் இறப்புக்கு ஒரு பென்சில் கோடு வீதம் போட்டுக்கொண்டு வந்தேன்.

எங்கள் அலுவலகத்துச் சுகாதார ஆய்வாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவர். மிதிவண்டியில் சந்து சந்தாகச் சுற்றிவிட்டு வியர்வையோடு வந்து உட்காருவார்.

“என்னண்ணே, காலையில பாட்டு, மத்தியானம் பொணக் கணக்கு! பொழுது நல்லாத்தான் போகுது ஒங்களுக்கு.”

“ஒங்க ஆண்டவரும் ஒரு ஏடு வச்சிருக்கார்னு நீதானப்பா சொன்ன?”

“வச்சிருக்காரு. ஆனா ரப்பரும் பென்சிலும் வச்சிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாரு.”

கோடுகள் சேரச் சேரத் தாளில் ஓர் உருவம் எழுந்தது. கீழ்ப்படியில், கைக்குழந்தைகளிடத்தில், இரண்டு பக்கமும் அடர்ந்திருந்தது. பள்ளி வயதில் மெலிந்தது. முதுமையில் மீண்டும் விரிந்தது. இவ்வளவும் எவரும் எதிர்பார்ப்பதே. நான் எதிர்பாராதது நடுவில் இருந்தது. இருபதுக்கு மேல் நாற்பதுக்குள் வலப்பக்கம் கோடுகள் கட்டுக்கட்டாக நின்றன. இடப்பக்கம் ஏறக்குறைய வெறுமை. அந்த ஆண்களில் பலருக்குக் காரணம் ஒன்றே. இருமல், இளைப்பு, காசம் என்று மூன்று பெயர்களில் எழுதப்பட்டிருந்த அந்த நெஞ்சு நோய்தான். தறிச்சத்தம் ஓயாத நெருக்கமான சந்துகளில் அது புதிதன்று. ஆனால் அதே வீட்டில், அதே காற்றை மூச்சிழுத்து, அதே பானைத் தண்ணீரைக் குடித்த பெண்களை அது ஏன் தீண்டவில்லை?

பல நாள் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். பீடியாக இருக்கலாமா? தேநீர்க் கடையில் கழுவாமல் கைமாறும் குவளையாக இருக்கலாமா? எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. ஒரு நாள் பூசையில், பெண்ணைத் தன் மேனியில் பாதியாக வைத்தவனைப் பாடிக்கொண்டிருக்கையில் மனம் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தது. அம்மை ஆளும் ஊரில் அவன் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இரங்கியிருக்கிறான் என்று கொண்டேன். அந்த முடிவு எனக்கு மிக இனிப்பாக இருந்தது. இனிப்பாக இருந்ததாலேயே அதைச் சோதிக்க மறந்தேன். பேறுகாலத்தில் இறந்த பெண்கள்கூட அந்த இடப்பக்கத்தில் ஏறத்தாழ இல்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். பேறுகாலத்தில் இறப்போர் இல்லாத ஊர் உலகில் உண்டா?

அந்த ஆண்டு மாசி மாதம், விசைத்தறியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தம் அண்ணனின் இறப்பைப் பதிய வந்தார். பேரையூர்ப் பக்கத்து வேளாண் குடும்பம். மழை பொய்த்த ஆண்டுகளில் அண்ணனும் தம்பியும் செல்லூருக்கு வந்து தறியில் சேர்ந்தவர்கள். அண்ணனுக்கு முப்பது வயது. முப்பதா, முப்பத்திரண்டா என்று தெளிவில்லாததால் முப்பது. காரணம், நெஞ்சு நோய். கைநாட்டுத் தேவைப்படலாம் என்று அண்ணன் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். வாசல் தூணருகே நின்றவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு முறை இருமினாள்.

ஆய்வாளர் அப்போது வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். நின்று அவளைப் பார்த்தார். “இந்தாம்மா, நாளைக்கே நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போயி சளியக் குடுத்துப் பாத்துரு. தள்ளிப் போடாத” என்று சொல்லிவிட்டு மிதிவண்டியில் ஏறிப் போனார்.

அவர் போனதும் அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள்.

“அய்யா, இந்த நோவு எனக்கும் வந்துருமா?”

எனக்கு அவள்மீது இரக்கம் உண்டாயிற்று. இரக்கத்தோடு, சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது என்ற பெருமிதமும் உண்டாயிற்று. இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன்.

“பயப்படாத தாயி. இத்தன வருஷத்து ஏட்டையும் எண்ணிப் பாத்து வச்சிருக்கேன். பாரு, இந்தப் பக்கம் ஆம்பளைக. இந்தப் பக்கம் பொம்பளைக, எங்கயாச்சும் கோடு இருக்கா? இது பொம்பளைகள அம்புட்டாத் தொடுறதில்ல. அம்பாள் காப்பாத்துவா.”

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வெறுமையைப் படிக்க எழுத்து வேண்டுமா? நெடுநேரம் அந்த இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மூன்று மாதம் கழித்து, குடும்ப அட்டையில் அண்ணன் பெயரை நீக்குவதற்கு இறப்புச் சான்றின் நகல் வேண்டும் என்று தம்பி வந்தார். பேச்சுவாக்கில் மதினி நலமா என்று கேட்டேன்.

“இருமல் கூடிப்போச்சுய்யா. அதான் அவுக அம்மா வீட்ல கொண்டுபோயி விட்டுட்டு வந்துட்டோம்.”

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“இன்ஸ்பெக்டரு ரெண்டு மட்டம் வீட்டுக்கே வந்து கூப்புட்டாரு. பொம்பளைக்கு இது வராதுன்னு பதிவாபீசு அய்யாவே ஏட்டப் பாத்துச் சொல்லிட்டாரு, பெறகு என்னத்துக்கு ஊசின்னு மதினி வரமாட்டேன்னுருச்சு. எங்க சந்துல இப்ப எல்லாருமே அப்படித்தான் சொல்லுறாக.”

தாய்வீட்டுக்கு ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“வேற எங்கய்யா அனுப்புறது? பொம்பளைக்கு ஒடம்புக்கு முடியலன்னா பொறந்த வீடுதானே? பக்கத்து வீட்டுக்காரரு சம்சாரத்தையும் போன வருசம் அப்படித்தான் கொண்டுபோயி விட்டாக.”

“அந்தம்மா இப்ப எப்படி இருக்கு?”

“அது போயிச் சேந்து வருசமாகப் போகுதுய்யா.”

அவர் போன பிறகு முந்தைய ஆண்டின் ஏட்டைத் திருப்பினேன். அப்படி ஒரு பெண் இறந்ததாக என் ஏட்டில் இல்லை. இருக்கவும் முடியாது. இறப்பு எந்த ஊரில் நிகழ்கிறதோ அந்த ஊர் ஏட்டில்தான் பதிவாகும். இது நானே பிறருக்குச் சொல்லிக்கொடுத்த விதி.

ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சந்துல ஒருத்தியும் ஏன் சளி குடுக்க மாட்டேங்குறாகன்னு மண்டையப் பிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நம்ம ஆபீசுலருந்துதான் வந்துச்சா அந்தப் பேச்சு?” என்றார். பிறகு மூடியிட்ட ஒரு சிறு டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “சளி எடுக்குற டப்பா. நான் போனா வரமாட்டா. நீங்கதான் போகணும்ணே.”

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் பேருந்து மாறி, பேரையூர்ச் சாலையில் இறங்கி, பருத்தி எடுத்து முடிந்த காடுகளின் நடுவே நடந்து, தம்பியிடம் கேட்டறிந்த அவளுடைய பிறந்த ஊரை அடைந்தேன். முதலில் போனது அவள் வீட்டுக்கன்று. கிராம முன்சீப்பின் வீட்டுக்கு. அக்காலத்தில் ஊர்களின் பிறப்பு இறப்பு ஏடு முன்சீப்பிடம்தான் இருக்கும். இப்படிப் போனது சரியில்லை என்று இன்று தெரிகிறது. ஆவல் என் காலை இழுத்துக்கொண்டு போயிற்று.

“மருதைக்காரருக்கு நம்மூரு ஏட்டுல என்ன சோலி?” என்று சிரித்தபடி முன்சீப் ஏட்டை எடுத்துக் கொடுத்தார். “பாத்துப் படிங்க. எழுதுனதும் நாந்தேன், வாசிக்கவும் நாந்தேன் வேணும்.”

நான் படித்தேன். பெண், இருபது, இருமல். பெண், இருபத்தைந்து, இளைப்பு. பெண், இருபது, உள்காய்ச்சல். பெண், இருபது, பேறுகாலம். பக்கம் புரட்டப் புரட்ட அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குறிப்பு எழுதும் ஓரத்தில் முன்சீப் தம் நினைவுக்காகச் சில இடங்களில் ‘செல்லூர்’ என்று எழுதியிருந்தார். உண்மையைச் சொல்கிறேன்: அந்தக் கணத்தில் எனக்குள் முதலில் எழுந்தது துயரமன்று, வியப்பு. என் தாளில் இல்லாத பாதி இங்கே, முப்பது மைலுக்கு அப்பால், இன்னொருவர் கையெழுத்தில் இருந்தது. ஆண்கள் அதிகம் என்பது அப்போதும் பொய்யாகிவிடவில்லை. பெண்கள் இல்லை என்பதுதான் பொய். அதோடு இன்னொன்றும் கண்டேன். என் ஏட்டு ஆண்கள் முப்பதிலும் முப்பத்தைந்திலும் இறந்திருக்க, இந்தப் பெண்கள் பத்து ஆண்டு முந்தியே போயிருந்தார்கள்.

“இதெல்லாம் இங்கயே இருந்த பொண்ணுகளா?” என்று கேட்டேன்.

“அட, கட்டிக்குடுத்த புள்ளைகய்யா. முடியலேன்னா இங்கனதான் கொண்டாந்து விடுவாக. பெத்தவ பாத்துக்கிருவான்னு.”

“பாத்துக்கிட்டாகளா?”

“பாத்தாக. பாத்துக்கிட்டேதான் இருந்தாக” என்றார் முன்சீப். பிறகு எழுந்துபோய் எனக்கு மோர் கொண்டுவந்தார்.

அவள் வீடு ஊரின் மேற்கோரத்தில் இருந்தது. தாயார் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கொட்டத்தை ஒட்டிய சாய்ப்பில், கயிற்றுக் கட்டிலில் அந்தப் பெண் படுத்திருந்தாள். மூன்று மாதத்தில் அவள் முகத்தில் கண்கள் மட்டுமே பெரிதாக மிஞ்சியிருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, “அம்மா, அந்தக் கோடு போட்ட அய்யா” என்றாள்.

“ஒங்க வார்த்தையத்தான் சாமி வாக்கா நெனச்சுக்கிட்டுக் கெடக்கா” என்றார் தாயார்.

“நான் சொன்னது தப்பு தாயி” என்றேன். “நான் பாத்தது பாதி ஏடு. மீதி இந்த ஊர்ல இருக்கு. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்.”

“அப்ப எனக்கும் அதுதானாய்யா?”

“தெரியாதும்மா. சளி பாத்தாத்தான் தெரியும். பொம்பளைக்கும் வரும். மருந்தும் இருக்கு.”

“இந்த ஊரு ஏட்டுல எம்புட்டுப் பேரு?”

நிறைய என்று மட்டும் சொன்னேன். அவள் விடவில்லை. மேலத்தெருவில் இன்னார் மகள் இருக்கிறாளா என்று கேட்டாள். இருக்கிறாள் என்றேன். “அவ பயந்து செத்தான்னுல்ல சொன்னாக?” கிணற்றுவீட்டு மருமகளின் தங்கை இருக்கிறாளா என்றாள். அவளும் இருந்தாள். கூடப் பருத்தி எடுத்தவள், கூடச் சடங்கானவள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுக் கேட்டு விரலை மடக்கினாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போயிற்று. என் தாளைவிட அந்த விரல்கள் சரியாக எண்ணின.

“எம்மா, எந்திரி. என் சீலைய எடுத்து வையி.”

“அடியே, ஊசி போட ஆரம்பிச்சா ஊருக்கே தெரிஞ்சு போகும்டி.”

“செத்தா மட்டும் தெரியாதாக்கும்?”

தாயார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்மேல் கோபம் இருந்தது, இருக்க வேண்டியதுதான். மாலைப் பேருந்தில் மூன்று பேரும் மதுரைக்கு வந்தோம்.

சளியில் நோய் தெரிந்தது. தினமும் ஊசி, கை நிறைய மாத்திரை, ஒன்றரை ஆண்டு. அவ்வளவு நாள் அவள் நகரத்தில் தங்க வேண்டும். கொழுந்தன் தயங்கினார். மருந்து உள்ளே போகப் போகப் பிறருக்குப் பரவுவது குறைந்துவிடும் என்று ஆய்வாளர் அவருக்கு விளக்கினார். என் பங்குக்கு நான் அந்தச் சந்துக்குப் போனேன். தறிகளை நிறுத்தச் சொல்லி, “நான் சொன்னது தப்பு, பொம்பளைக்கும் வரும், இருமல் இருந்தா இன்னைக்கே போங்க” என்று எல்லார் முன்னும் சொன்னேன். “ஏன்யா, போன தடவ மாதிரி இதுவும் பாதி ஏடா?” என்று பின்னாலிருந்து ஓர் அம்மாள் கேட்டார். சிரித்தார்கள். ஆனால் மறுநாள் சில பெண்கள் ஆய்வாளருடன் போனார்கள்.

அவள் பிழைத்தாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூலைச் சுற்றுகிற வேலையில் சேர்ந்து, கொழுந்தன் வீட்டுக்கு அருகிலேயே ஓர் அறையில் தன் தாயோடு இருந்தாள். யாருக்காவது பிறப்புச் சான்று வாங்க வரும்போதெல்லாம் என் மேசையைத் தட்டுவாள்.

“என்னய எந்தப் பக்கம் கோடு போட்டு வச்சிருக்கீகய்யா?”

“இன்னும் போடலம்மா.”

“போட்டுறாதீக. மெதுவாப் போடுங்க, ஒண்ணும் அவசரமில்ல.”

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. ஆனால் அதன்பின் ஒரு வழக்கம் ஏற்பட்டது. இளவயது ஆணின் இறப்பைப் பதிய வருபவரிடம், படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியையும் கேட்பேன்: அவர் மனைவி இப்போது எங்கே இருக்கிறார்? முதலில் விழிப்பார்கள், பிறகு சொல்வார்கள். ஊர்ப்பெயரை ஓரத்தில் பென்சிலால் குறித்து ஆய்வாளரிடம் கொடுப்பேன். இறைவன் இரங்கவில்லை என்று நான் எண்ணவில்லை. என் ஏட்டின் எல்லையை அவன் அருளின் எல்லையாக நினைத்துவிட்டேன் என்றே எண்ணுகிறேன். காலையில் ஓதுகிற பாட்டுகள் மாறவில்லை. ஓதும்போது மனக்கண்ணில் வருகிற முகங்கள் மாறின.

எண்பதுகளின் கடைசியில், நான் ஓய்வுபெறச் சிறிது காலம் இருக்கையில், எய்ட்ஸ் என்ற புதிய நோயைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதத் தொடங்கின. தேநீர்க் கடையில் அதை ஆண்களின் நோய் என்றார்கள். அதிலும் ஊர் ஊராகப் போகிறவர்களின் நோய் என்றார்கள். அந்த நோயில் யார், எந்த வயதில் இறப்பார்கள் என்று நம் பக்கத்தில் எவருக்கும் அப்போது தெரியாது. அதிலும் பெண்கள் ஆண்களைவிட இளம் வயதில் இறக்கிறார்கள் என்று பிற்காலத்தில் எங்கோ படித்தபோது, எனக்கு முன்சீப் கொடுத்த மோரின் சுவை நாவில் வந்தது.

அந்த நாள்களில் ஒரு பிற்பகல், லாரி ஓட்டுநரான தம் தம்பியின் இறப்பைப் பதிய ஒருவர் வந்தார். வயது முப்பத்திரண்டு என்று தயங்காமல் சொன்னார். அதிலேயே அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. காரணம் என்ன என்றேன். காய்ச்சல், பேதி, ஆள் உருகிப்போனான் என்றார். என்ன நோய் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு, பேனாவை மூடிப் பென்சிலை எடுத்தேன்.

“அவரு சம்சாரம் எங்கப்பா இருக்கு?”

“அது அவுக அம்மா வீட்டுக்குப் போயிருச்சுங்கய்யா. பத்து நாளாச்சு.”

“எந்த ஊரு?”

சொன்னார். எழுதிக்கொண்டேன். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, ஆய்வாளரின் மொபெட் வாசலில் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.